பழவேற்காட்டுக்குப் படகேறப் போகும் திருத்தணிக்காரர்களுக்கு

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கத்துத் தம்பிகளே, தங்கைகளே,

கிறிஸ்துமஸ், பொங்கல் என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் நம் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பொன்னேரிப் பக்கத்தில் பல வருடம் பள்ளியில் வேலை பார்த்தவன் என்பதால், "அங்கே யாரைப் பிடித்தால் போட் கிடைக்கும் சார்?" என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதியும் மீதியுமாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவது மேல் என்று பட்டது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏரியைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல், ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டு ஏறும் படகில் ஏறாதீர்கள். முறையாக ஏற வழி இல்லையென்றால் அந்த வழியைக் கேட்டு வாங்குவோம். கேட்பதற்கு மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு உரிமை அதிகம் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

மலைமேல் இருக்கிற நமக்கும் அந்த உப்புத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நம் அடிவாரத்து நந்தியாறு எங்கே போகிறது? கொசஸ்தலையில் சேர்கிறது. கொசஸ்தலை பூண்டிக்குப் போகிறது. சத்தியமூர்த்தி பெயரில் 1944-இல் கட்டி முடித்த அந்த நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தால் மிச்சத் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. எண்ணூரிலிருந்து வடக்கே, கடலுக்கு இணையாக, கழியும் கால்வாயுமாக நீர் பழவேற்காடு வரை தொடர்ந்து கிடக்கிறது. பழவேற்காட்டுக்கு நேராகப் போய்ச் சேர்வது ஆரணியாறு. அது ஆந்திரத்துப் பிச்சாட்டூரிலிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வருகிறது. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் மூழ்கும், பஸ் நின்றுபோகும். அந்தத் தண்ணீர் போகிற இடம் எண்ணூர். பிச்சாட்டூரைத் திறந்தால் பொன்னேரிக்காரர்கள் கரையைப் பார்க்க ஓடுவார்கள். அந்தத் தண்ணீர் போகிற இடம் பழவேற்காடு. நம் பக்கத்து மழைதான் அந்தக் கழியின் உப்பைக் கூட்டிக் குறைக்கிறது. அங்கே இறால் நன்றாக விழுவதும் விழாததும் பாதி அதைப் பொறுத்தது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சித்தூர் மாவட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் அதே ஏற்பாட்டில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த பல கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போனதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நமக்கு வந்த கோட்டின் மறுமுனை அந்தப் பக்கம் ஓடுகிறது. இன்று பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில். தண்ணீரில் கோடு போட முடியாததால் இரண்டு மாநில மீனவர்களுக்கும் நடுவே வலைத் தகராறு வந்துகொண்டே இருக்கிறது. 1997-லிருந்து திருத்தணியும் பழவேற்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டம். நம் மனுவை வாங்குகிற கலெக்டர்தான் அங்கேயும் கலெக்டர்.

போகிற வழியைப் பற்றி ஒரு வார்த்தை. வேன் வைத்துக்கொண்டு கூட்டமாகப் போவதைவிட ரயில் நல்லது. திருத்தணியில் ஏறி பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி மாறினால் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். பேசின் பிரிட்ஜில் காத்திருக்கும் நேரத்தில் பாலத்துக்குக் கீழே ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். ஆனாலும் பாருங்கள். கறுப்பாகத் தேங்கி நிற்கிற அந்தக் கால்வாய்தான் ஒரு காலத்தில் நாம் இப்போது பேசுகிற படகுப் பயணத்தின் பெருவழி.

பாசில் காக்ரேன் என்கிற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி 1806-இல் முடித்த வாய்க்கால் அது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கே பழவேற்காடு ஏரி வழியாக நெல்லூர்ச் சீமைக்குள் நீட்டியது. தாது வருடப் பஞ்சத்தில், 1877-78-இல், பட்டினியாய்க் கிடந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு. கால்வாய்க்கு அவர் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. வடக்கே காக்கிநாடா வரை மற்றக் கால்வாய்களோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் தொடர் நீர்வழி. உப்பு, சவுக்கு விறகு, கிளிஞ்சல், நெல் எல்லாம் அதில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லையென்றால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். 1899-இல் சென்னையை பெஜவாடாவோடு இணைக்கும் ரயில் வந்த பிறகு சரக்கு மெல்ல அதற்கு மாறியது. 1960-களின் நடுவில் அடித்த புயல்கள் மிச்சத்தையும் கெடுத்தன. 1990-களில் சென்னைக்குள் அதே கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள்.

பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயின் தெற்குப் பகுதியில் படகேறி மாமல்லபுரம் போனதைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக எழுதினார். 1930-களில் ஒரு கவிஞன் சென்னையில் ஏறி உட்கார்ந்து, இரவெல்லாம் தண்ணீரில் போக முடிந்திருக்கிறது. 2008-இல் இந்தக் கால்வாயையும் சேர்த்து நான்காவது தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நீர்வழி என்று பெயர் வந்தது, படகு வரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இதே கால்வாயில் இறங்கி, எண்ணூர்க் கழி முழுக்கக் கறுப்பாய்ப் படிந்தது. மீனவர்கள் கையில் பக்கெட்டோடு எண்ணெயை வழித்தெடுத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நந்தியாற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்கிற இடம் அது.

இனி ஏரிக்கு வருகிறேன்.

கனடாவின் மேற்குக் கரையிலிருந்து அலாஸ்கா வரை, வரிசையாகத் தீவுகள் நின்று பெருங்கடலை மறைக்க, அவற்றுக்கு உள்பக்கமாகவே சிறு படகுகள் நாள்கணக்கில் போகும் உள்வழி ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் படகுப் பயணிகள் அதைத் தேடிப் போகிறார்கள். நம் வடகரைக்கு அப்படி அமைந்த தீவு ஸ்ரீஹரிகோட்டா. வங்கக் கடலின் அலையை அது வாங்கிக்கொள்கிறது, அதன் பின்னால் பழவேற்காடு ஏரி அடங்கிக் கிடக்கிறது. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அதனால்தான் அது சிறு படகுக்கென்றே அமைந்த நீர். அந்தக் காலத்து டச்சுக்காரர்களுக்கும் அதே கதை. 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கே இதைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். ஆனாலும் அவர்களுடைய பெரிய கப்பல் வெளியே கடலில்தான் நிற்கும். துணி மூட்டைகளைச் சிறு படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் நிற்கும். கரையில் இறங்கினால் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தெரிந்தவர் ஒருவர் உங்களை உள்ளே அழைத்துப் போனால் என்ன செய்வார் என்று கவனியுங்கள். துறையை விட்டுக் கொஞ்ச தூரம் மட்டும் எஞ்சின் ஓடும். பிறகு அதை நிறுத்தி, இறக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டுக் கழியை எடுப்பார். மூங்கில் கழி. அதை ஊன்றித் தள்ளும்போதே அடியில் சேறா, மணலா, சிப்பியா என்று கைக்குத் தெரிந்துவிடும். மணலில் நறநறவென்று நிற்கும். சேற்றில் முழம் ஆழத்துக்கு இறங்கி, இழுக்கும்போது விடாமல் பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் மேல் சின்னச் சுருக்கம் விழுந்திருந்தால் கீழே மேடு இருக்கிறது என்பார். நுரைக்கோடு ஒன்று வளைந்து போனால், வற்றத் தண்ணீர் முகத்துவாரத்தைப் பார்த்து இழுக்கிறது என்பார். பரந்த வானத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத இடத்தில் அவருக்கு மட்டும் தெரு தெருவாக வழி தெரியும்.

நட்டு வைத்த குச்சிகளை ஒட்டிப் போகாமல் அவர் சுற்றிப் போவதைப் பார்ப்பீர்கள். அது வலை. அங்கே யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்குப் 'பாடு' என்கிற முறை பல தலைமுறையாக இருக்கிறது. இறால் நன்றாக விழும் இடங்களை ஊரார் கூடி, சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. கையெழுத்துப் போட்ட பத்திரம் எதுவும் இல்லாமல் நடக்கும் ஏற்பாடு. உல்லாசத்துக்கு வரும் படகு அந்தக் குச்சிகளுக்குள் புகுந்து எஞ்சின் இறக்கையால் வலையைக் கிழித்துவிட்டால், முறை வந்து கட்டியவருடைய அன்றைய கூலி போச்சு. அடுத்த முறை வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.

கரை ஓரமாக, இடுப்பளவுத் தண்ணீரில், பெண்கள் குனிந்தபடி நகர்ந்துகொண்டிருப்பார்கள். இருளர் வீட்டுப் பெண்கள். பறியை வாயில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து அதில் போடுவார்கள். வலை இல்லை, படகு இல்லை. மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறுகிற கைகள். நம் படகு வேகமாகப் போனால் கிளம்புகிற அலை அவர்கள் முகத்தில் அடிக்கும், கலங்கிய சேற்றில் இறால் அகப்படாது. போனை எடுத்து அவர்களைப் படம் பிடிக்கத் தோன்றும். கேட்காமல் பிடிக்காதீர்கள்.

பூநாரைகளைப் பார்க்கத்தான் பாதிப் பேர் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஐப்பசிக்கு மேல் வரத் தொடங்கி மாசி, பங்குனி வரை இருக்கும். குஜராத்தின் கட்ச் பாலைவனச் சேற்றில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இனம். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும். படகு கிட்டப் போனால் கூட்டமாக எழும்பும். எழும்பும்போது இறக்கையின் கீழே அந்தச் சிவப்புத் தெரியும். அதைப் பார்க்கவே சிலர் படகுக்காரரிடம் "இன்னும் கிட்டப் போங்கண்ணா" என்று சொல்லித் துரத்த வைக்கிறார்கள். தின்று சேர்த்த தெம்பை வீணாகப் பறந்து செலவழிக்கிற பறவை திரும்பிப் போகிற வழியில் தவித்துப்போகும். கழி ஊன்றி நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும். அதற்குப் பொறுமை வேண்டும், படகில் ஆள் குறைவாக இருக்க வேண்டும், பாட்டுப் பெட்டி இருக்கக் கூடாது.

இதெல்லாம் சிறு படகில், மெதுவாகப் போனால் மட்டும் கிடைப்பது. இவ்வளவு சொன்ன பிறகு, மறக்கக் கூடாததையும் சொல்லியாக வேண்டும்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். பண்டிகைக்கு வந்த குடும்பத்தார், குழந்தைகள் உட்பட. அந்த வருடம் நான் படித்த செய்திகளில் என்னால் இன்றுவரை கடக்க முடியாதது அது.

மீன்பிடிக்கிற பைபர் படகு எதற்காகச் செய்யப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அலையைக் கிழித்துக்கொண்டு கரையேறுவதற்கு. ஒடுங்கிய உடம்பு. வலையும் மீனும் ஐஸும் அடியில் கிடக்கும், பாரம் கீழே இருக்கும், நாலைந்து பேர் மட்டும் இருப்பார்கள், அவர்களும் எப்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரிந்தவர்கள். அதே படகில் இருபது பேரை விளிம்பில் உட்கார வைத்தால் பாரமெல்லாம் மேலே வந்துவிடுகிறது. ஒருவர் "அதோ பாரு" என்று எழுந்தால் பத்துப் பேர் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். படகு திரும்பி நிமிர்வதற்கு அடியில் எடை இல்லை. படகின் மேல் குற்றமில்லை, அதற்குக் கொடுத்த வேலைதான் தப்பு.

இடமும் பார்க்க வேண்டும். ஏரிக்கு உள்ளே ஆபத்து குறைவு. முகத்துவாரம் அப்படியல்ல. ஏரியும் கடலும் சந்திக்கிற அந்தக் குறுகின வாயில் மணல்மேடு நாளுக்கு நாள் இடம் மாறும். கோடையில் சில வருடம் அடைத்தே போய்விடும், மீனவர்கள் மணலை வெட்டித் திறக்க வேண்டிவரும். வற்ற நேரத்தில் ஏரித் தண்ணீர் முழுவதும் அந்த வாய் வழியாக வெளியே பாயும். எதிரே கடலலை உள்ளே வரும். இரண்டும் மோதுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுப்பு இன்னும் கடுமை. கரையிலிருந்து பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். "கொஞ்சம் கடலையும் காட்டுங்கண்ணா" என்று கேட்பது அங்கேதான்.

காலத்தையும் கவனியுங்கள். பறவை வருகிற மாதங்களும், நமக்கு விடுமுறை வருகிற நாட்களும், வாடைக்காற்று வீசுகிற பருவமும் ஒன்றாக வந்து விழுகின்றன. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசிவரை ஓயாது. கடல் கொந்தளித்துக் கிடக்கும் அதே வாரத்தில்தான் கூட்டமும் கரையில் நிற்கிறது. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. பள்ளிப்பட்டு தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா, பிச்சாட்டூரைத் திறந்தார்களா என்பது நமக்கு வீட்டிலிருந்தே தெரியும். திறந்திருந்தால் அதற்கடுத்த சில நாட்களுக்கு அந்தப் பக்கம் படகு என்ற பேச்சே வேண்டாம். வெள்ளம் போய்ச் சேர நாளாகும். இங்கே வெயில் அடிக்கும்போது அங்கே முகத்துவாரம் பேயாய் இழுத்துக்கொண்டிருக்கும்.

விபத்துக்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தது. அன்றைக்கு அது சரியான முடிவு, வேறென்ன செய்ய முடியும்? ஆனால் தடையோடு நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். ஆசை நிற்கவில்லை, கூட்டம் நிற்கவில்லை. விடுமுறை நாட்களில் மறைவாக ஏற்றிப் போகிறவர்களும் நிற்கவில்லை. மறைவாகப் போகிற படகில் லைஃப் ஜாக்கெட் இருக்காது, ஏனென்றால் அதை அடுக்கி வைத்தாலே காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை பேர் ஏறினார்கள் என்று கணக்கு இருக்காது. போலீஸ் கண்ணில் படாத துறையில் ஏற்றி, படாத நேரத்தில் இறக்குவார்கள், அதாவது மோசமான இடம், மோசமான நேரம். ஒரே சவாரியில் முடித்துவிட வேண்டும் என்று அதிகம் பேரை ஏற்றுவார்கள். 22 பேரைக் கொன்ற காரணங்கள் ஒவ்வொன்றும் தடைக்குப் பின்னாலும் அப்படியே இருக்கின்றன.

கேரளத்தில் பார்த்தோமே. 2009 செப்டம்பர் 30, தேக்கடியில் ஜலகன்னியகா கவிழ்ந்து 45 பேர். விலங்கைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கம் சாய்ந்தது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7, தானூரில் 22 பேர். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மேல் ஆளேற்றி, இருட்டுகிற நேரத்தில் கிளம்பியது. பழவேற்காட்டில் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகும் முன்பே, அதே எண்ணிக்கை, ஏறக்குறைய அதே காரணங்கள்.

சிலிகாவைப் பாருங்கள். ஒடிசாவில் அந்த ஏரியும் ஒரு காலத்தில் வாய் அடைத்து, உப்புக் குறைந்து, மீன் அற்றுப் போகும் நிலைக்கு வந்தது. 2000-இல் கடலுக்குப் புது வாய் வெட்டினார்கள், மீன் திரும்பியது. டால்பின் பார்க்க வருகிறவர்களைச் சதபாடாவில் உள்ளூர்ப் படகுக்காரர்கள் சங்கம் அமைத்து, முறைவைத்து ஏற்றிப் போகிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. டால்பினைத் துரத்துகிற குறை அங்கேயும் உண்டு. ஆனால் படகுக்கு ஒரு சங்கம், சவாரிக்கு ஒரு துறை, கட்டணத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. தப்பு நடந்தால் கேட்க ஆள் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் முட்டுக்காட்டில் 1984-லிருந்து சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு விடுகிறது. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு போகிறது. இதே ஏரியின் ஆந்திரக் கரையில், தடாவுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை உண்டு. இருக்கம் தீவுக்காரர்களுக்குத் தினசரிப் போக்குவரத்தே படகுதான். ஏரி ஒன்று, கரைக்கொரு நியாயம்.

எனக்குத் தோன்றுவது இது. படகை வெளியாரிடம் ஏலம் விடக் கூடாது. அந்தந்தக் குப்பத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமே கொடுக்க வேண்டும், பாடு பிரிப்பதுபோல அவர்களே சவாரியையும் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். மீன்படகில் ஏற்றக் கூடாது. அகன்ற அடிப்பக்கமுள்ள, உட்கார மட்டும் இடமுள்ள படகு வேண்டும். 1917-ஆம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த உள்நாட்டுக் கலன்கள் சட்டத்தின்படி சோதித்துப் பதிவு செய்து, எத்தனை பேர் என்பதை அணியத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிட வேண்டும். ஏரிக்குள் மட்டும், முகத்துவாரத்துக்கு வெகு முன்பே எல்லைக் கம்பம். காலையில் மட்டும், வெயில் ஏறிக் காற்று கிளம்புமுன் திரும்பிவிடும்படி. சிவப்பு எச்சரிக்கை, அணை திறப்பு, ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள் என்றால் துறை மூடியிருக்கும். வருகிற பணத்தில் ஒரு பங்கு, படகே இல்லாமல் கையால் இறால் தடவுகிற இருளர் குடும்பங்களுக்கும் போக வேண்டும். அவர்களுடைய நீரில்தான் நாம் வேடிக்கை பார்க்கிறோம். கடைசியாக, இந்தத் துறைக்கும் தடாத் துறைக்கும் ஒரே விதிமுறை இருக்கும்படி இரண்டு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேச வேண்டும். 1960-இல் கோடு போட முடிந்ததென்றால் இதுவும் முடியும்.

அதுவரை நீங்கள் என்ன செய்வது? இந்த வருடமே போக வேண்டும் என்றால் போங்கள். போகுமுன் படகுக்கு அன்றைக்கு அனுமதி உண்டா என்று பழவேற்காட்டுக் காவல் நிலையத்திலோ மீன்வளத் துறையிலோ கேளுங்கள். இல்லை என்றால் இல்லைதான். பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தில் விடியற்காலையில் நின்றால் படகுகள் உள்ளே வருவதும், நண்டு, மடவை, கெளுத்தி எல்லாம் கரையில் பிரிப்பதும் நன்றாகத் தெரியும். பனை ஓலையில் கூடை முடைகிற பெண்களிடம் ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள். அனுமதி இருந்தால், படகில் ஏறும் முன் ஜாக்கெட்டைக் கேளுங்கள். கொடுத்ததை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டி, கொக்கியைப் பூட்டுங்கள். நீச்சல் தெரியும் என்று சொல்லாதீர்கள். கிணற்றில் குதித்துப் பழகிய நீச்சல், காலைப் பிடிக்கிற சேற்றில் உதவாது. குடித்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரைக் கரையில் விட்டுவிட்டுப் போங்கள், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. படகுக்காரர் "போதும், திரும்பலாம்" என்றால் கட்டணம் பேசாமல் திரும்பிவிடுங்கள். அவருக்குத் தெரிகிறது நமக்குத் தெரியாது. "இன்னும் நாலு பேர்தானே, நெருக்கி உட்காரலாம்" என்று யாராவது சொன்னால் நீங்கள் இறங்கிவிடுங்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர்களும் யோசிப்பார்கள்.

மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்னவைதான் அதில் இருக்கின்றன. பொன்னேரிப் பக்கத்தில் பழைய மாணவர்கள் சிலரும், குப்பத்துப் பெரியவர்கள் சிலரும் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார்கள். படகுக்கு ஆள் எண்ணிக்கையை இன்னும் குறைக்கச் சொன்னவர்கள் அவர்கள்தான். தை மாதத்து முதல் திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் கொடுப்பதாக இருக்கிறோம். மீனவர்கள் மட்டும் வந்து நின்றால் பிழைப்புக்காகக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள். சவாரிக்குப் போகிறவர்களும் மாவட்டத்தின் இன்னொரு கோடியிலிருந்து வந்து நின்று, எங்களுக்கு இப்படித்தான் வேண்டும், இதற்குக் குறைந்து வேண்டாம் என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். மனுவின் நகல் ம.பொ.சி. சாலைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்படி வைக்கிறேன். படியுங்கள், மாற்ற வேண்டியது இருந்தால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்குக் காலை வண்டியில் திருவள்ளூர் வரமுடிந்தவர்கள் வாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு போட்டாலும் போதும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்கார வாத்தியார் ஒருவர்
திருத்தணி